சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வழக்கா, போராட்டமா?

ஏரியோரத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு விழுகிறது. கழிமுகத்தில் சாம்பல் படிகிறது. பறவைகள் வந்து இறங்கும் சதுப்பில் யாரோ அளவைக் கல் நடுகிறார்கள். ஊரில் நாலு பேர் கூடிப் பேசினால் முதலில் எழும் கேள்வி இதுதான்: கோர்ட்டுக்குப் போவதா, தெருவில் இறங்குவதா? இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய ஆளும் பணமும் உள்ள குழுக்கள் குறைவு. பெரும்பாலான ஊர்களில் ஏழெட்டுப் பேர்தான் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்கும் வேலை உண்டு, குடும்பம் உண்டு. எதை முதலில் எடுப்பது என்று அவர்கள் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

பலர் இதைப் பழக்கத்தை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் என்றால் வழக்கு, மீனவர் குப்பம் என்றால் மறியல். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. வழக்குக்குக் கெடு உண்டு, போராட்டத்துக்குக் கிடையாது. தெருவில் நின்ற நாட்களிலேயே அந்தக் கெடு கடந்துபோய், நல்ல நியாயம் இருந்தும் வாசலோடு திரும்பிய குழுக்கள் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், அபாயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கிறதா, அனுமதி வாங்கிவிட்டார்களா, மண் விழ ஆரம்பித்துவிட்டதா? காகிதத்தில் இருக்கும்போது வழக்குப் போட்டால் 'இன்னும் எதுவும் நடக்கவில்லையே' என்று திருப்பி அனுப்பக்கூடும். மண் விழுந்த பிறகு மனுவோடு அலைந்தால், மனு மேசை மாறுவதற்குள் நிலம் மேடாகிவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றமாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அமைத்த சட்டம் 2010 இல் வந்தது. அதன் 16 ஆவது பிரிவின்படி, ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மொத்தம் 90 நாளைத் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. சுற்றுச்சூழல் சட்டம் மீறப்படுகிறது என்று 14 ஆவது பிரிவில் போடும் மனுவுக்கு, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமும் கூடுதலாக 60 நாளும். இழப்பீடு கேட்கவும், கெட்ட நிலத்தைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லவும் உள்ள 15 ஆவது பிரிவில் மட்டும் ஐந்து ஆண்டு அவகாசம். அனுமதி கிடைத்த நிறுவனம் அதை உள்ளூரில் விற்கும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரமாகப் போட வேண்டும் என்பது அனுமதியோடு வரும் நிபந்தனை. அந்த விளம்பரம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத மூலையில்தான் இருக்கும். தினமும் அந்த மூலையைப் பார்ப்பதற்கென்றே குழுவில் ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்: நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ராம்சார் இடமாகவோ (ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இடம்) அரசு அறிவிக்கை செய்த ஈரநிலமாகவோ இருந்தால் 2017 ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் துணைக்கு வரும். அங்கே ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, கடந்த பத்து ஆண்டு வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவது எல்லாம் தடை. ஆனால் இந்த விதிகள் நெல்வயலையும், உப்பளத்தையும், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பகுதி பாசனத்துக்கு வெட்டியவைதானே! அவற்றுக்கு 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தையும் வருவாய்த் துறைப் பதிவேடுகளையும்தான் பிடிக்க வேண்டும். கடலோரக் கழி என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பறவைகள் சரணாலயம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டம் பசுமைத் தீர்ப்பாயத்தின் பட்டியலில் இல்லை, அதனால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். எந்த வாசல் என்று தெரியாமல் வக்கீலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக இரண்டு கேள்விகள். தோற்றால் எதை இழப்போம்? ஜெயித்தால் அந்த வெற்றிக்கு யார் காவல்?

## மனு, ஆவணம், கிராம சபை

இதை ஒரு வழியாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மற்ற இரண்டுக்கும் தேவையான சரக்கு இங்கிருந்துதான் வருகிறது.

செலவு மிகக் குறைவு. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய். நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடு, புல வரைபடம், பழைய செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் ஓரளவு முயற்சியில் கிடைக்கும். எண்ணூரில் இதன் பலத்தைப் பார்த்தோம். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கரை, மேம்பாட்டுக்கு இடமில்லாத பகுதியாகக் காட்டும் 1996 ஆம் ஆண்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்று இருந்தது. பின்னாளில் அரசு கையில் வைத்திருந்த வரைபடத்திலோ கழிமுகத்தையே காணோம். பழைய வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே கொண்டுவந்த பிறகுதான் மீனவர்களின் வாதத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

மனுவின் சக்திக்குப் பழைய சான்றும் இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுடுவதாகச் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 இல் பாதுகாப்புக் கவுல், அதாவது எழுத்து உறுதி, வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வயிற்றுக்காக எழுதிய மனு அது, அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் அதைக் காத்தது.

இன்றைக்குக் கையில் உள்ள கருவிகள்: ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், பெரிய திட்டங்களுக்கு நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கருத்துக் கேட்பில் பேசுவதை விட எழுதிக் கொடுப்பது முக்கியம். அது பதிவாகும், நாளைக்கு வழக்கில் 'எதிர்ப்பைப் பரிசீலிக்கவே இல்லை' என்று காட்ட உதவும். ஆனால் அடுக்குமாடி, நகரியம் போன்ற கட்டுமானத் திட்டங்களுக்கு 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. நகரத்துச் சதுப்புகளுக்கு அபாயம் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது.

மறைந்திருக்கும் செலவு நேரம். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம். மேல்முறையீட்டுக் கெடுவும் 30 நாள். பதில் உறை வீட்டுக்கு வரும் அன்றைக்கே கெடு முடிந்திருக்கும்! மனு கொடுத்து ரசீது வாங்கியதும் ஏதோ செய்துவிட்ட நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. திட்டம் காகிதத்தில் இருக்கும் காலத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அனுமதி வந்துவிட்டால் இதை மட்டும் நம்பக் கூடாது.

## வழக்கு

வழக்கின் மிகப் பெரிய பலன் தீர்ப்பு இல்லை, இடைக்காலத் தடை. ஒரு சதுப்பு மேடாகச் சில வாரம் போதும், மீண்டும் சதுப்பாக ஒரு தலைமுறை ஆகலாம். அந்தச் சில வாரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு. பெருங்குடிக் குப்பைமேடு, ரயில் பாதை, மென்பொருள் வளாகங்கள், அரசு நிறுவனங்கள் என்று எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு கடித்தார்கள். 2007 இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022 இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் வந்தது. அங்கீகாரம் வந்தும் எல்லை எது, அதைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டக் கூடாது என்பது தரையில் தெளிவாகவில்லை. 2025 இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்த ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதுக் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. பெரும்பாக்கம் பக்கம் எழும்பவிருந்த ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு அதே ஆண்டு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எத்தனை ஆயிரம் பேர் ஊர்வலம் போனாலும் ஒரே நாளில் இவ்வளவு பரப்பை நிறுத்தியிருக்க முடியாது.

அந்த உத்தரவுக்கும் ஒரு மறைவிலை உண்டு. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அரை கிரவுண்டில் வீடு கட்டக் காத்திருந்த சாதாரணக் குடும்பமும் பெரிய கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. அவர்கள் கோபம் சதுப்பின் மேல் திரும்பினால் அடுத்த தேர்தலில் அது குரலாகும். வழக்குப் போடும் குழு அந்த வட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

பணக் கணக்கு வேடிக்கையானது. இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயத்தில் கட்டணம் 1,000 ரூபாய்தான். செலவு அதற்குப் பிறகு தொடங்கும். ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, பக்க எண் போட்டு, எதிர் மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எடுப்பதற்குள்ளேயே கையிருப்புக் கரையும். வக்கீல் இலவசமாக வாதாடினாலும் நிலவியல் அறிந்தவர், வரைபடம் போடுபவர், விசாரணைதோறும் சென்னைக்குப் பயணம் எல்லாம் இருக்கிறது. ஒரு வழி சொல்கிறேன். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. கழியில் இறால் தடவிப் பிழைக்கும் ஒரு பெண்ணே மனுதாரராக நின்றால் செலவும் குறையும், பாதிப்பை நீதிபதி நேரில் பார்க்கவும் முடியும். ஆனால் மிரட்டலும் அவர் வீட்டுக்கே வரும். ஒருவரைத் தனியாக நிறுத்தாமல் நாலைந்து பேரைக் கூட்டாக மனுதாரராக்குவது நல்லது.

இன்னொரு சங்கடம், கூட்டுக் குழு. தீர்ப்பாயம் உண்மை நிலையை அறியக் கூட்டுக் குழு போடும். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் துறைகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்று நீங்கள் புகார் சொன்னீர்களோ அந்தத் துறைகளின் அதிகாரிகள். குழு ஆய்வுக்கு வரும் அன்று நீங்களும் ஆவணங்களோடு அங்கே இருக்க வேண்டும். அவர்கள் அறிக்கைக்கு எழுத்தில் ஆட்சேபம் தராவிட்டால் அதுவே உண்மையாகிவிடும்.

கடைசிக் கணக்கு, சட்டத்தையே மாற்றிவிடுவது. நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் சத்தியாகிரகமும் நடத்தினார், 1994 இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள்ளும் கூடாது, பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு சுற்றுச்சூழல் வழக்கில் கிடைப்பது அரிது. ஆனால் 2005 இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, கடற்கரை மண்டலத் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தவே இல்லை என்று பின்தேதியிட்டு ஆக்கிவிட்டது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது, பண்ணைகள் கடலோரத்தில் இருக்கின்றன.

தோற்றாலும் நஷ்டம் சும்மா இல்லை. மோசமாகத் தயாரித்த வழக்குத் தள்ளுபடியானால் அதே விஷயத்தை மீண்டும் கிளப்புவது கடினம், எதிர்த்தரப்பு அந்த உத்தரவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளும். உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வீண் என்று தோன்றினால் அபராதமும் விழலாம்.

## போராட்டம்

இரவு பதினொரு மணிக்கு லாரி வந்து மண் கொட்டுகிறது என்றால் வழக்கு எண்ணைச் சொல்லி அதை நிறுத்த முடியாது. முன்னால் ஆள் நிற்க வேண்டும். போராட்டத்தின் முதல் பலம் இதுதான்: ஆவணம் தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

இரண்டாவது பலம், அதிகாரியின் நடத்தை மாறும். எண்ணூரில் மீனவர்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கைகோத்து நின்ற படங்கள் வெளிவரும்வரை, வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் நகரத்துக்காரர்களுக்குச் செய்தியே இல்லை. பிறகு 2022 இல் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் கசிவுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. 2023 டிசம்பரில் அமோனியா கசிந்து எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தபோது, தீர்ப்பாயம் யாரும் மனுப் போடுமுன் தானாகவே வழக்கை எடுத்தது. தானாக எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் சொல்லியிருக்கிறது. ஆக, செய்தியாகும் போராட்டமே சில நேரம் வழக்காகவும் ஆகிறது, அதுவும் வக்கீல் செலவில்லாமல்.

சில சமயம் தெருவில் இறங்கவே தேவையிருக்காது. வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்தை மூன்றாகக் குறைக்க 2020 இல் ஒரு முன்மொழிவு வந்தது. ஊரடங்குக் காலம், யாரும் கூட முடியாது. ஆனாலும் எதிர்ப்பு எழுந்த வேகத்தில் அது கைவிடப்பட்டது. பெயர் பெற்ற இடம் என்பதால் நடந்தது. பெயர் தெரியாத ஒரு கழுவெளிக்கு இப்படி ஒரு கூட்டம் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி விலை. நகரங்களில் காவல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், மறுப்பது அவர்களுக்குச் சுலபம். அனுமதியின்றிக் கூடினால் முதல் தகவல் அறிக்கை. உயர் நீதிமன்றம் அமைதியான போராட்டத்துக்குப் போட்ட வழக்குகளைப் பல முறை ரத்து செய்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ரத்தாகும்வரை கடவுச்சீட்டு, அரசு வேலை, காவலர் தேர்வு என்று எழுதிக்கொண்டிருக்கும் இளைஞனின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஒரு வழக்கு மாலை நேரக் கதை, இருபது வயதுப் பையனுக்கு அப்படியில்லை. யார் முன்வரிசையில் உட்காருவது என்பதை இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைவிடக் கொடிய விலையும் உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியில் இறால் பண்ணைகளை எதிர்த்த மீனவர்கள் நாலு பேர் 1999 மே மாதம் சோரானாவில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஈரநிலம் சார்ந்ததில்லை என்றாலும் 2018 மே மாதம் தூத்துக்குடியில் பதின்மூன்று உயிர் போனதை நம்மால் மறக்க முடியுமா? கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கட்டுப்பாடு கையைவிட்டுப் போகும் என்பதைக் கூட்டம் கூட்டுபவர் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

அன்றாடச் செலவும் சின்னதில்லை. மீனவருக்கு ஒரு நாள் உட்காருவது ஒரு நாள் தொழில். பத்து நாள் தாண்டினால் வட்டிக்கடைக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். பந்தல், மைக், சாப்பாடு என்று யாராவது கொடுக்க முன்வருவார்கள், கூடவே கொடியும் வரும். எதிர்த்தரப்பு அதே ஊரில் பத்துப் பேருக்கு ஒப்பந்த வேலை தந்து ஊரை இரண்டாக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பதாகையோடு வந்து படம் எடுத்துப் போகும் போராட்டத்துக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதனால் பெரிதாகப் பலனும் இல்லை. அந்தத் தண்ணீரில் பிழைப்பவர் பந்தலில் இல்லையென்றால் அதிகாரி மதிய உணவுக்குள் உங்களை மறந்துவிடுவார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | மனு, ஆவணம் | வழக்கு | போராட்டம் |
|---|---|---|---|
| எப்போது பலமானது | திட்டம் காகிதத்தில் இருக்கும்போது | அனுமதி வந்த முதல் 30 நாளில் | மண் விழும்போது, தேர்தல் நெருங்கும்போது |
| காலக்கெடு | கருத்துக் கேட்பு அறிவிப்பிலிருந்து 30 நாள் | 30 நாள், ஆறு மாதம், ஐந்து ஆண்டு எனப் பிரிவுக்கு ஒன்று | இல்லை |
| கையிலிருந்து போவது | பொறுமை, தபால் செலவு | பணம், ஆண்டுகள் | தொழில் நாட்கள், காவல் நிலைய வழக்குகள் |
| உடனே நிறுத்துமா | அரிது | இடைக்காலத் தடை கிடைத்தால் | ஆள் இருக்கும்வரை |
| தோற்றால் | அடுத்த வழி திறந்தே இருக்கும் | அந்த வழி பெரும்பாலும் மூடிவிடும் | ஊர் சோர்ந்துபோகும் |
| யார் முன்னால் நிற்க வேண்டும் | பதிவேடு படிக்கத் தெரிந்தவர் | பாதிக்கப்பட்டவர், கூடவே வக்கீல் | தண்ணீரில் பிழைப்பவர் |

## எந்த நிலைமைக்கு எது

அனுமதி வந்துவிட்டது, விளம்பரம் கண்ணில் பட்டுவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், வழக்கு. போராட்டக் கூட்டத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். கையில் முழு ஆவணம் இல்லையென்றாலும் இருப்பதை வைத்துப் பதிவு செய்துவிட்டு, தகவல் உரிமைப் பதில்களைக் கூடுதல் ஆவணமாகப் பிறகு சேர்க்கலாம்.

அனுமதி எதுவுமே இல்லாமல் இரவோடு இரவாக நிரப்புகிறார்கள் என்றால் ஆள் நிற்பதுதான் முதல் வேலை. வண்டி எண்ணோடு படம் எடுத்து, தாசில்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். கையோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆவது பிரிவில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 இல், பொதுத் தொல்லை மனு போடலாம். கோட்டாட்சியரே நிர்வாக நடுவராக உத்தரவிட முடியும். வக்கீல்கள்கூட இந்தப் பிரிவை அதிகம் சொல்வதில்லை, ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

மாசு பல ஆண்டாகப் படிந்திருக்கிறது, மீன் குறைந்துவிட்டது என்றால் 15 ஆவது பிரிவில் இழப்பீட்டு வழக்கு. இதற்கு அவசரம் இல்லை, ஆனால் மீன் வரவுக் கணக்கு, தண்ணீர்ப் பரிசோதனை, மருத்துவப் பதிவு என்று சாட்சி வேண்டும்.

சரணாலய எல்லையைக் குறைப்பது, நில வகைப்பாட்டை மாற்றுவது போன்ற அரசின் கொள்கை முடிவாக இருந்தால் போராட்டத்துக்கும் பொதுக் கருத்துக்கும்தான் வலு அதிகம். நீதிமன்றங்கள் கொள்கை விஷயத்தில் தயங்கும். சட்டமன்ற உறுப்பினர் தயங்க மாட்டார், அவருக்கு ஓட்டு வேண்டும்.

ஊரில் பாதிப்பேர் திட்டத்தை ஆதரிக்கிறார்கள் என்றால்? அப்போது மறியல் ஊருக்குள் சண்டையாகத்தான் முடியும். ஆவணமும் வழக்கும் போதும்.

## இரண்டும் சேர்ந்த இடங்கள்

கேரளத்து ஆரன்முளாவில் நெல்வயலையும் நீர்ப்பகுதியையும் நிரப்பி விமான நிலையம் கட்ட முயன்றார்கள். கவிஞர் சுகதகுமாரி முன்னின்ற எதிர்ப்பில், ஒன்றோடு ஒன்று முகம் கொடுக்காத இடதுசாரிக் கட்சிகளும் பாரதிய ஜனதாவும் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. 2014 இல் சத்தியாகிரகம் நூறு நாளைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு விமான நிலையத் திட்டத்தில் அந்தத் தகுதியே இல்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பந்தலில் யாரும் பேசியிருக்க வாய்ப்பில்லாத ஒரு தொழில்நுட்பக் குறை வழக்கை ஜெயித்தது. வழக்கு நடந்த அத்தனை நாளும் அரசியல்வாதிகள் பின்வாங்காமல் பார்த்துக்கொண்டது பந்தல்.

ஆந்திரத்தின் சோம்பேட்டை கதை இன்னும் கனமானது. ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பீலா என்று அழைக்கப்படும் சதுப்பில் அனல்மின் நிலையம் வரவிருந்தது. 2010 ஜூலை 14 அன்று எதிர்த்து நின்றவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அதே நாளில் டெல்லியில், பசுமைத் தீர்ப்பாயத்துக்கு முன்னோடியாக இருந்த தேசியச் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு ஆணையம் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்தது.

சேர்த்துச் செய்வதில் ஒரு நடைமுறைக் கவனம் உண்டு. மனுதாரர்களும் போராட்டக் குழுப் பொறுப்பாளர்களும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். மறியலில் ஒரு கண்ணாடி உடைந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தை மனுதாரர் பெயரோடு சேர்த்துத் தாக்கல் செய்வார். வழக்கு நடக்கும்போது மேடையில் நீதிபதியைப் பற்றிப் பேசுவதையும் தவிர்க்க வேண்டும்.

## ஜெயித்த பிறகு

கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் நகரத்தின் கழிவுநீரை மீன் பண்ணைகளின் வழியாகச் சுத்தமாக்கித் தரும் 12,500 ஹெக்டேர் பரப்பு. 1992 இல் ஒரு குடிமக்கள் அமைப்புப் போட்ட வழக்கில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதைக் காத்தது. 2002 இல் ராம்சார் அங்கீகாரம், 2006 இல் தனிச் சட்டமே வந்தது. இவ்வளவும் இருந்தும் ஆக்கிரமிப்பு நிற்கவில்லை. இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்த இடங்களில் எல்லாம் மீன் வளர்ப்பவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். பண்ணை மூடிய இடத்தில் அடுத்துச் சுவர் எழும்புகிறது.

உத்தரவு வந்ததும் செய்ய வேண்டியவை சாதாரண வேலைகள். சான்றிட்ட நகல் வாங்குங்கள். தமிழில் சுருக்கம் எழுதி, தாசில்தார், ஊராட்சி, காவல் நிலையம், மின்வாரியம், பதிவுத் துறை எல்லோருக்கும் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவுத் துறையை மறக்க வேண்டாம், தடை இருக்கும் சர்வே எண்ணில் பத்திரம் பதிவாகிக்கொண்டே இருந்தால் இரண்டு ஆண்டில் அங்கே நூறு 'அப்பாவி உரிமையாளர்கள்' முளைத்துவிடுவார்கள். உத்தரவை நிறைவேற்றியதைச் சொல்லும் இணக்க அறிக்கை எந்தத் தேதியில் வர வேண்டும் என்று உத்தரவில் இருக்கும், அன்றைக்கு வராவிட்டால் மறு வாரமே நிறைவேற்றல் மனு. தீர்ப்பாய உத்தரவை மீறினால் மூன்று ஆண்டுவரை சிறையோ பத்துக் கோடி ரூபாய்வரை அபராதமோ 26 ஆவது பிரிவில் இருக்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். உச்ச நீதிமன்றம்வரை மேல்முறையீடு போக எதிர்த்தரப்புக்கு 90 நாள் உண்டு, வக்கீலுக்குக் கடைசித் தவணையைக் கொடுத்துக் கணக்கு முடிப்பதை அதுவரையாவது தள்ளிப்போடுங்கள்.